ஆபரேஷன் பண்ணியாச்சா?

அச்சரப்பாக்கத்துப் பெண்களிடம் "குடும்பக் கட்டுப்பாடு பண்ணியிருக்கீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "ரெண்டாவது பொறந்தப்பவே பண்ணியாச்சு" என்று பதில் வரும். எதைப் பண்ணினார்கள் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. எங்கள் ஊர்ப் பேச்சில் குடும்பக் கட்டுப்பாடு என்றால் ஆபரேஷன், ஆபரேஷன் என்றால் அது பெண்ணுக்கு. அந்தச் சொல்லுக்குள் மாத்திரை இல்லை, ஊசி இல்லை. ஆணுறை இல்லவே இல்லை.

இது எங்கள் ஊரின் தனிக்குணம் அல்ல. 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட திருமணமான பெண்களில் சுமார் 58 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். இந்தியா முழுக்கப் பார்த்தால் அது 38 சதவீதத்துக்குப் பக்கம். மாத்திரை எடுப்பவர்கள் நாடு முழுக்கவே 5 சதவீதம்தான், தமிழ்நாட்டில் அதைவிட மிகக் குறைவு. ஆண்கள் செய்துகொள்ளும் வாசக்டமி நாடு முழுக்க 0.3 சதவீதம்.

என் தலைமுறைப் பெண்கள், அதாவது பொறியியல் படித்து, ஜி.எஸ்.டி. ரோட்டில் கம்பெனி பஸ் ஏறி வேலைக்குப் போய், முப்பதுகளில் ஒரு குழந்தையோடு அடுத்தது வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள், வேறொரு கேள்வியில் மாட்டிக்கொண்டிருக்கிறோம். மாத்திரையா, ஊசியா, காப்பர்-டியா, ஒன்றுமே வேண்டாமா? பக்க விளைவு என்ன? தோழிகள் குழுவில் இதைப் பேச ஆரம்பித்தால் இரவு ஒரு மணி வரை போகும். எடை கூடும், மூட் கெடும், ரத்தம் உறையும் என்று பட்டியல் நீளும். அம்மாக்களிடம் கேட்டால் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்: "சூடு." எனக்கு இந்தப் பட்டியலைவிட அது எப்படி உருவானது என்பதில்தான் ஆர்வம். எந்த விளைவு யாருடைய கணக்கில் ஏறியது, எது ஏறவே இல்லை என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதன் ஒரு முனை மெட்ராஸில் இருக்கிறது.

*

1882இலேயே மெட்ராஸில் இந்து மால்தூசியன் லீக் என்றொரு அமைப்பு இருந்தது. 'தத்துவ விவேசினி' இதழை நடத்திய நாத்திகர் வட்டத்தின் முயற்சி அது. அதற்கு ஐந்து வருடம் முன்னால், கருத்தடை பற்றிய ஒரு சிறுநூலை மறுபதிப்பு செய்ததற்காக லண்டனில் சார்லஸ் பிராட்லாவும் அன்னி பெசன்ட்டும் வழக்கைச் சந்தித்தார்கள். அதன் அலை இங்கே வரை அடித்தது. பெசன்ட் பிறகு தியாசபிக்குள் போய், தான் எழுதிய கருத்தடைப் பிரசுரத்தையே 1891இல் விலக்கிக்கொண்டார். பின்னாளில் அவர் வந்து அமர்ந்தது நம் அடையாறில். சில ஊர்களுக்குத்தான் இப்படியெல்லாம் அமைகிறது.

1920களின் இறுதியில் மெட்ராஸ் நியோ-மால்தூசியன் லீக் வருகிறது. வக்கீல்களும் நீதிபதிகளும் நிறைந்த சபை. அவர்களுடைய கவலை ஜனத்தொகை, வறுமை, 'தரமான' சந்ததி. அதே காலத்தில் 'குடி அரசு' பக்கங்களில் பெரியார் எழுதியது வேறு ரகம். மற்றவர்கள் பெண்ணின் உடல்நலத்துக்காகவும் நாட்டின் பொருளாதாரத்துக்காகவும் கர்ப்பத்தடை கேட்கிறார்கள், நாம் கேட்பது பெண் சுதந்திரமாக இருப்பதற்காக என்று அவர் கோட்டைத் தெளிவாகப் பிரித்தார். 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் அந்தக் கட்டுரை இருக்கிறது. இன்றைக்குப் படித்தாலும் அந்தப் பிரிவினை சுடுகிறது. ஏனென்றால் பிறகு வந்த அரசுத் திட்டங்கள் எல்லாமே முதல் வகைக் காரணங்களைத்தான் எடுத்துக்கொண்டன.

1935 டிசம்பரில் மார்கரெட் சாங்கர் வார்தாவுக்குப் போய் காந்தியைப் பார்த்தார். காந்தி கடைசி வரை மசியவில்லை. அவருடைய மாற்று, சுயக்கட்டுப்பாடு. அதற்குப் பக்க விளைவு கிடையாது என்பது காந்தியின் நம்பிக்கை. 'வேண்டாம்' என்று சொன்னால் அடி விழும் வீட்டில் வாழ்ந்த ஒரு பெண்ணிடம் அதை யாராவது கேட்டுப் பார்த்திருக்கலாம்.

சுதந்திரத்துக்குப் பிறகு சுகாதார அமைச்சரான ராஜகுமாரி அம்ரித் கௌரும் காந்தியின் வழியே. 1950களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு ஆபிரகாம் ஸ்டோன் என்ற மருத்துவர் இந்தியா வந்து, மைசூர் பக்கம் ராமநகரத்திலும் டெல்லியிலும் 'பாதுகாப்பான நாள்' முறையைச் சோதித்தார். நாட்களை எண்ணப் பெண்களுக்கு வண்ண மணிமாலை கொடுக்கப்பட்டது. தினம் ஒரு மணி நகர்த்த வேண்டும். மணியை நகர்த்த மறந்தார்கள், மாதவிடாய் சுழற்சி மாலைக்குப் பொருந்தாமல் போனது, திட்டம் படுத்தது. இன்றைக்கு அதே மாலையைத்தான் செயலியாகப் போனில் வைத்திருக்கிறோம். மணிக்குப் பதிலாக நோட்டிபிகேஷன்.

*

இந்தக் காலத்தில்தான் கடலுக்கு அந்தப் பக்கம் ஹார்மோன் வருகிறது. மெக்சிகோவின் காட்டு வள்ளிக்கிழங்கிலிருந்து ஹார்மோன் செய்யலாம் என்று ரஸ்ஸல் மார்க்கர் 1940களில் காட்டினார். 1951இல் சின்டெக்ஸ் நிறுவனத்தில் நோரெதிஸ்டிரோன் உருவானது. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் இருமுறை வரும்.

கிரிகரி பின்கஸ், ஜான் ராக் குழுவினர் மாத்திரையை 1956இல் பெரிய அளவில் சோதிக்கத் தேர்ந்தெடுத்த இடம் அமெரிக்க ஆளுகைக்குட்பட்ட போர்ட்டோ ரிக்கோ. அங்கே சோதனையை நடத்திய மருத்துவர் எட்ரிஸ் ரைஸ்-ரே, மாத்திரை நன்றாக வேலை செய்கிறது, ஆனால் 17 சதவீதப் பெண்களுக்குக் குமட்டல், தலைச்சுற்றல், தலைவலி, இது ஏற்கக்கூடிய அளவு அல்ல என்று எழுதினார். பின்கஸ் அதில் பெரும்பகுதி மனப்பிரமை என்று ஒதுக்கினார். பெண் சொன்னால் மனப்பிரமை. இந்த வரிக்கு வயது எழுபது ஆகிறது, இன்னும் ஓய்வு பெறவில்லை.

அந்த முதல் மாத்திரையான எனோவிட்டில் இருந்தது சுமார் 10 மில்லிகிராம் புரோஜெஸ்டின், 150 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன். இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கும் மாலா-என் மாத்திரையில் 0.15 மில்லிகிராம் புரோஜெஸ்டின், 30 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன். ரசாயனம் வேறு வேறு என்பதால் எண்ணுக்கு எண் வகுத்துப் பார்க்க முடியாது. ஆனாலும் முதல் தலைமுறைப் பெண்கள் விழுங்கியது எத்தனை பெரிய டோஸ் என்பது புரியும். 1960இல் அமெரிக்காவில் கருத்தடைக்கென அனுமதி கிடைத்த பின் ரத்த உறைவு மரணங்கள் வெளியே வரத் தொடங்கின. பார்பரா சீமன் 1969இல் இதைப் புத்தகமாக எழுதினார். 1970 ஜனவரியில் செனட்டர் கேலார்ட் நெல்சன் விசாரணை நடத்தினார். சாட்சி சொல்ல மாத்திரை சாப்பிட்ட ஒரு பெண்ணைக்கூட ஏன் கூப்பிடவில்லை என்று பார்வையாளர் வரிசையிலிருந்து பெண்கள் எழுந்து கத்தினார்கள். அந்தக் கூச்சலின் விளைவுதான் மாத்திரை அட்டையோடு வரும் எச்சரிக்கைத் தாள். நாம் படிக்காமல் கசக்கிப் போடுகிறோமே, அதுதான்.

ஒரு சின்ன விலகல். நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவள். எங்கள் தொழிலிலும் 'பக்க விளைவு' என்ற சொல் உண்டு. ஒரு ஃபங்ஷன் தனக்குக் கொடுத்த வேலையைச் செய்துவிட்டு, வெளியே வேறு எதையாவது மாற்றிவிட்டால் அது பக்க விளைவு. வேலை எது என்பதை எழுதுகிறவர் தீர்மானிக்கிறார், ஆகவே பக்கம் எது என்பதையும் அவரே தீர்மானிக்கிறார். எனோவிட் 1957இல் முதலில் அனுமதி பெற்றது மாதவிடாய்க் கோளாறுகளுக்கான மருந்தாக. 'இது கருமுட்டை வெளிவருவதைத் தடுக்கும்' என்பது அப்போது எச்சரிக்கை. அந்த எச்சரிக்கைக்காகவே லட்சக்கணக்கான அமெரிக்கப் பெண்களுக்கு திடீரென்று மாதவிடாய்க் கோளாறு வந்தது.

*

இந்தியாவில் மாத்திரைக்கு முன்னால் வந்தது லூப். 1965இல் லிப்பிஸ் லூப் என்ற பிளாஸ்டிக் வளையம் முகாம் முகாமாகப் பொருத்தப்பட்டது. பயிற்சி பெற்ற பெண் மருத்துவர்கள் போதவில்லை, பொருத்திய பிறகு பார்க்க ஆள் இல்லை. ரத்தப்போக்கு, வலி. புகார் சொல்ல வந்தவர்களுக்குக் காது கொடுக்கவும் யாரும் இல்லை. ஊருக்கு ஊர் செய்தி பரவி, இரண்டு மூன்று வருடத்தில் லூப் சரிந்தது. எங்கள் பாட்டிமார் காலத்து 'லூப்பு' பயம் இன்னும் காப்பர்-டியின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பிறகு எண்ணிக்கைக் காலம். மெட்ராஸ் அரசு 1956லேயே ஆபரேஷன் செய்துகொள்ளும் ஏழைகளுக்கு 30 ரூபாய் கொடுக்கத் தொடங்கி நாட்டுக்கு வழிகாட்டியது. அப்போது முக்கியமாக ஆண்களுக்கு. ஆம், வாசக்டமிதான் அன்றைக்குப் பிரதான முறை. எர்ணாகுளத்தில் 1971 ஜூலை முகாமில் ஒரே மாதத்தில் 63,418 வாசக்டமி. அப்புறம் எமர்ஜென்சி. 1976-77இல் நாடு முழுக்க 80 லட்சத்துக்கு மேற்பட்ட ஆபரேஷன்கள், அதில் சுமார் 62 லட்சம் ஆண்கள். வற்புறுத்தல், மிரட்டல், போலீஸ். 1977இல் அரசு கவிழ்ந்தது. அதற்குப் பிறகு எந்த அரசியல்வாதியும் ஆணின் அந்த இடத்தைத் தொடத் துணியவில்லை. டார்கெட் மட்டும் அப்படியே இருந்தது. அது பெண்கள் பக்கம் திரும்பியது.

எண்பதுகளின் இறுதியில் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளராக இருந்த டி.வி. ஆண்டனிக்கு, அவர் இனிஷியலை வைத்து 'டியூபெக்டமி வாசக்டமி ஆண்டனி' என்று பட்டப்பெயர். திட்டத்தின் வெற்றியைப் பற்றிப் பேசும்போது இந்தக் கதையைச் சொல்லாதவர்கள் குறைவு. வெற்றிதான், மறுக்கவில்லை. 2019-21 ஆய்வின்படி தமிழ்நாட்டின் கருவள விகிதம் 1.8. ஆனால் அந்த 'டி'யும் 'வி'யும் எந்த விகிதத்தில் நடந்தன என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

*

இப்போது நோரெதிஸ்டிரோன் திரும்ப வருகிறது. அதன் ஊசி வடிவம் நெட்-என். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 200 மில்லிகிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எண்பதுகளில் அதை நாடு முழுக்க சோதித்தது. 1985இல் ஹைதராபாதுக்குப் பக்கத்தில் படான்செரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெண்களுக்கு இந்த ஊசி போடப்படுவதை ஸ்திரீ சக்தி சங்கடனா என்ற பெண்கள் அமைப்பு கண்டது. இது ஒரு சோதனை என்பதே பலருக்குச் சொல்லப்பட்டிருக்கவில்லை. புது ஊசி, குழந்தை தள்ளிப்போகும், அவ்வளவுதான். அமைப்பினர் விஷயத்தை விளக்கியதும் பலர் எழுந்து போய்விட்டார்கள்.

1986இல் ஸ்திரீ சக்தி சங்கடனா, டெல்லியின் சஹேலி, சிங்காரி ஆகிய அமைப்புகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. வழக்கு பதினான்கு வருடம் நடந்தது. 2000த்தில் நெட்-என்னைப் பெருந்திரளாகத் திட்டத்தில் பயன்படுத்த மாட்டோம் என்று அரசு சொன்ன பிறகு முடிந்தது. இதற்கிடையே 1993இல் டெப்போ-புரொவேரா என்ற இன்னொரு ஊசி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை 150 மில்லிகிராம், தனியார் சந்தைக்கு அனுமதி பெற்றது. அதற்கும் எதிர்ப்பு. அரசுத் திட்டத்துக்குள் அது வர 2017 ஆனது. 'அந்தரா' என்ற பெயரில் இன்று கிடைக்கிறது.

எதிர்த்தவர்களின் வாதத்தைக் கவனமாகப் படித்தால் அது வெறும் ஹார்மோன் பயம் அல்ல. மாத்திரை பிடிக்கவில்லை என்றால் நாளைக்கே நிறுத்தலாம். ஊசி உடம்புக்குள் போய்விட்டால் மூன்று மாதம் காத்திருக்கத்தான் வேண்டும். கட்டுப்பாடு போடுகிறவர் கையில். போடுகிறவருக்கோ மேலே டார்கெட். எமர்ஜென்சி முடிந்து பத்து வருடம்கூட ஆகாத நாட்டில், ரத்த அழுத்தம் பார்க்கவே கருவி இல்லாத சுகாதார நிலையத்தில், இந்த ஊசி ஆபத்து என்றார்கள். 1985இன் படான்செருவில் நின்று பார்த்தால் அவர்கள் சொன்னது முழுக்க சரி என்றே நினைக்கிறேன்.

ஆனால் எனக்கு ஒரு இடத்தில் இடறுகிறது. ஊசியை நிறுத்தினார்கள். அந்த இடத்தில் என்ன வந்தது? அவர்கள் பரிந்துரைத்த தடுப்புச் சாதனங்கள் வரவில்லை. பெண் அணியும் டயாஃப்ரம் இன்றைக்கும் எந்தக் கடையிலும் பார்க்க முடியாது. ஆணுறை ஆணின் தயவு. வந்தது ஆபரேஷன்தான். இருபதுகளின் நடுவில், இரண்டாவது பிரசவத்தோடு, திரும்பப் பெற முடியாத ஒன்று. மூன்று மாதம் நிறுத்த முடியாத ஊசி ஆபத்து என்றால், ஆயுளுக்கும் நிறுத்த முடியாததை எந்தக் கணக்கில் வைப்பது? மாமியாருக்கும் கணவனுக்கும் தெரியாமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு ஊசி போட்டுக்கொண்டு வருவது, சில பெண்களுக்குக் கிடைக்கக்கூடிய ஒரே ரகசியம். அந்தப் பெண்ணின் பக்கம் நின்று பேச நீதிமன்றத்தில் ஆள் இல்லை.

திரும்பப் பெற முடியாது என்பது என்ன பக்க விளைவு என்று கேட்பவர்களுக்கு எங்கள் மாவட்டத்துக் கடற்கரை பதில் சொல்லும். 2004 டிசம்பர் 26 காலையில் கல்பாக்கம், மாமல்லபுரம் தொடங்கி நாகை, குமரி வரை சுனாமி கொண்டுபோனதில் குழந்தைகள் மிக அதிகம். அத்தனை குழந்தைகளையும் இழந்த தாய்மார்கள் இருந்தார்கள். அவர்களில் பலர் இரண்டோடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், அரசு சொன்னபடி நடந்த முன்மாதிரிக் குடும்பங்கள். 2005இல் தமிழ்நாடு அரசு அவர்களுக்கு ஒரு உதவியை அறிவித்தது: கருக்குழாயை மறுபடி இணைக்கும் அறுவை அரசு மருத்துவமனையில் இலவசம், தனியாரில் செய்துகொண்டால் பண உதவி. மறு இணைப்பு எல்லோருக்கும் பலிப்பதில்லை. வயது, எந்த இடத்தில் வெட்டினார்கள், எவ்வளவு குழாய் மிச்சம் இருக்கிறது என்பதையெல்லாம் பொறுத்தது. சிலருக்குக் குழந்தை பிறந்தது. பலருக்கு இல்லை. எந்த எச்சரிக்கைத் தாளிலும் இந்த விளைவு அச்சாகவில்லை. ஆபரேஷனுக்குத் தாளே கிடையாது, கைநாட்டு வைக்கும் படிவம்தான் உண்டு.

2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் முகாமில் ஒரே நாளில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்து 13 பேர் இறந்தார்கள். 2016இல் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் முகாம்களை மூன்று வருடத்தில் ஒழிக்கச் சொன்னது. தமிழ்நாட்டில் நிலைமை அப்படி இல்லை. பெரும்பாலும் பிரசவத்தோடு மருத்துவமனையில் நடக்கிறது, பாதுகாப்பும் அதிகம். ஆனாலும் என் அம்மா வயதுப் பெண்கள் நாலு பேர் சேர்ந்தால், "அந்த முதுகுல ஊசி போட்டதுலேர்ந்து இடுப்பு போச்சு" என்ற பேச்சு வராமல் இருக்காது. அதை யாரும் 'கருத்தடையின் பக்க விளைவு' என்று சொல்வதில்லை. அது பொம்பளையாகப் பிறந்ததின் விளைவு.

*

ஹார்மோனே இல்லாத மாத்திரை ஒன்றை இந்தியா செய்தது. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் நித்யா ஆனந்தும் சகாக்களும் அறுபதுகளில் தொடங்கிய வேலை. பெயர் சென்ட்குரோமன். ஸ்டீராய்டு அல்ல. ஈஸ்ட்ரோஜன் போய் உட்காரும் இடத்தில் தான் உட்கார்ந்துகொண்டு, கருப்பையின் தயாரிப்பையும் கருவின் நேரத்தையும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் செய்துவிடும். கருமுட்டை வெளிவருவதைப் பொதுவாகத் தடுப்பதில்லை. முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை. குமட்டல் இல்லை, எடை இல்லை. சிலருக்கு மாதவிடாய் தள்ளிப்போகும். அது ஒன்றுதான் பெரிய தொந்தரவு. ஆனால் கருத்தடை செய்யும் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போவதைவிட வயிற்றைக் கலக்கும் விஷயம் வேறு உண்டா?

1991இல் ஹிந்துஸ்தான் லேடெக்ஸ் அதைக் கடைக்குக் கொண்டுவந்தது. நிரோத் செய்யும் அதே பொதுத்துறை நிறுவனம். செங்கல்பட்டு திருமணியில் தடுப்பூசி வளாகம் கட்டியது அதன் துணை நிறுவனம்தான். மாத்திரைக்கு வைத்த பெயர் 'சஹேலி', தோழி என்று அர்த்தம். ஊசிக்கு எதிராக உச்ச நீதிமன்றம் போன அமைப்பின் பெயரும் அதுதான்! 2016இல் 'சாயா' என்ற பெயரில் இது அரசுத் திட்டத்துக்குள் வந்தது. கண்டுபிடித்து ஏறக்குறைய ஐம்பது வருடம் கழித்து. நித்யா ஆனந்த் 2024 ஜனவரியில் 99 வயதில் இறந்தார். என் தோழிகளில் பாதிப் பேருக்கு இப்படி ஒரு மாத்திரை இருப்பதே தெரியாது.

*

சரி, எடை போட்டுத்தான் ஆக வேண்டும். எடை போடும்போது நாம் வழக்கமாக மறப்பது தராசின் மறு தட்டில் என்ன இருக்கிறது என்பதை. ரத்த உறைவை எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரை எடுக்காத, கர்ப்பமாகாத 10,000 பெண்களில் ஒரு வருடத்தில் 1 முதல் 5 பேருக்கு வருகிறது. ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை எடுப்பவர்களில் 3 முதல் 9. கர்ப்பிணிகளில் 5 முதல் 20. பிரசவித்த முதல் சில வாரங்களில் 40 முதல் 65. மாத்திரையின் ஆபத்து உண்மை. புகைப்பவர்கள், ஒற்றைத் தலைவலிக்கு முன் கண்ணில் மின்னல் தெரிபவர்கள், குடும்பத்தில் உறைவு வரலாறு உள்ளவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லாமல் தொடவே கூடாது. ஆனால் மாத்திரைக்குப் பயந்து வேண்டாத கர்ப்பத்துக்குப் போகிறவர் சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணுக்குப் போகிறார்.

மார்பகப் புற்றுநோய் பற்றி 2017இல் டென்மார்க்கிலிருந்து வந்த பெரிய ஆய்வு, ஹார்மோன் எடுப்பவர்களில் வருடத்துக்கு சுமார் 7,690 பேருக்கு ஒருவர் கூடுதலாகப் பாதிக்கப்படுவதாகச் சொன்னது. அதே மாத்திரை சினைப்பைப் புற்றுநோயைக் குறைக்கிறது. 2016இல் அதே நாட்டின் இன்னொரு ஆய்வு, மாத்திரை எடுக்கும் பெண்கள் மனச்சோர்வு மருந்து தொடங்குவது சற்று அதிகம், பதின்வயதுப் பெண்களிடம் இன்னும் அதிகம் என்று காட்டியது. பின்கஸ் ஒதுக்கிய 'மனப்பிரமை' அறுபது வருடம் கழித்து ஓர் எண்ணாக வந்து நின்றது. டெப்போ ஊசி எலும்பின் அடர்த்தியைக் குறைக்கிறது, நிறுத்தினால் பெரும்பாலும் மீள்கிறது. நிறுத்திய பின் கரு தங்கப் பல மாதம் ஆகலாம். நீண்ட காலம் போட்டவர்களுக்கு மூளை உறைக் கட்டி வரும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கு மேல் என்று 2024இல் பிரான்சிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. கேட்கவே பயமாக இருக்கிறது. அந்தக் கட்டி அடிப்படையிலேயே அபூர்வம் என்பதைச் சேர்த்துப் படித்தால் பயம் கொஞ்சம் அடங்கும். அடங்காமல் போனாலும் நியாயம்தான். என் உடம்பு பத்தாயிரத்தில் வகுபடுகிற எண் இல்லையே.

ஹார்மோன் வேண்டாம் என்பவர்களுக்கு மருத்துவர்கள் முதலில் காட்டுவது காப்பர்-டி. பத்து வருடம் வரை வேலை செய்யும், வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம், நூறில் ஒருவருக்குக்கூடத் தவறுவதில்லை. நல்ல சாதனம். ஆனால் பலருக்கு மாதவிடாய் அதிகமாகும். தமிழ்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை. ஏற்கெனவே ரத்தம் குறைந்த உடம்பில் மாதாமாதம் இன்னும் கொஞ்சம் போவது எந்த ஊர்க் கணக்கில் 'இயற்கை'? மாத்திரை ரத்தப்போக்கைக் குறைக்கிறது. மாலா-என் அட்டையில் கடைசி ஏழு மாத்திரைகள் இரும்புச்சத்துதான். டெப்போவில் ஒரு வருடத்தில் பாதிப் பேருக்கு மாதவிடாய் நின்றே போகிறது. ஒருத்திக்கு அது பீதி. நாற்று நடவில் மூன்று நாள் துணி மாற்ற இடமில்லாமல் நிற்கும் இன்னொருத்திக்கு அது விடுதலை. எது விளைவு, எது பக்க விளைவு?

பிரசவ அறையிலேயே, கேட்காமல், காப்பர்-டி பொருத்திவிட்டார்கள் என்று சொல்லும் பெண்களை எனக்குத் தெரியும். ஒருத்திக்கு ஆறு மாதம் கழித்து வயிற்று வலிக்கு ஸ்கேன் எடுத்தபோதுதான் உள்ளே அது இருப்பதே தெரிந்தது. படான்செரு எங்கேயோ இல்லை.

இதோடு அவசர மாத்திரைக் கதையும் உண்டு. 2005 முதல் இந்தியாவில் மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கலாம். தமிழ்நாட்டில் மட்டும் பல வருடங்களாக மருந்துக்கடையில் கேட்டால் "அதெல்லாம் வர்றதில்லம்மா" என்பார்கள். தடை எதுவும் இல்லை என்று அதிகாரிகள் பத்திரிகைகளிடம் சொன்னார்கள். தடை இல்லை, மாத்திரையும் இல்லை. பாதிக்கு மேற்பட்ட மனைவிமாரின் கருக்குழாயை வெட்டிய மாநிலத்துக்கு, கல்யாணமாகாத ஒருத்தி ஒரே ஒரு மாத்திரை வாங்குவதில் மட்டும் ஏன் இத்தனை கூச்சம் என்பதைப் பெரியார் எழுதிய அந்தப் பழைய கோட்டை வைத்துப் பார்த்தால் புரிகிறது.

*

நோரெதிஸ்டிரோன் இரண்டாம் முறை வருவதாகச் சொன்னேன். அதே நெட்-என், அதே 200 மில்லிகிராம், டெஸ்டோஸ்டிரோனோடு சேர்த்து, இந்த முறை ஆண்களுக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவில் இந்தியா உட்படப் பல நாடுகளில் 320 ஆண்களிடம் எட்டு வாரத்துக்கு ஒருமுறை போட்டுச் சோதித்தார்கள். கருத்தடையாக நன்றாகவே வேலை செய்தது. முகப்பரு, ஊசி போட்ட இடத்தில் வலி, மனநிலை மாற்றம் என்று புகார்கள் வந்தன. 2011இல் வெளிப் பாதுகாப்புக் குழு ஒன்று ஆபத்து அதிகம் என்று புதிதாக ஊசி போடுவதை நிறுத்தியது. 2016இல் முடிவுகள் வெளியானபோது உலகெங்கும் பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கட்டுரையை முழுக்கப் படித்தபோது ஒன்று தெரிந்தது: பங்கேற்ற ஆண்களில் முக்கால்வாசிக்கு மேல் இந்த ஊசி கிடைத்தால் பயன்படுத்தத் தயார் என்றார்கள். நிறுத்தியது ஆண்கள் அல்ல, குழு. அந்தக் குழு செய்தது தவறு என்றும் எனக்குத் தோன்றவில்லை. சோதனைக்கு வந்தவர்கள் சொன்ன தொந்தரவைக் காதில் வாங்கி, எண்ணி, நிறுத்தினார்கள். 1956இல் ரைஸ்-ரே கேட்டதும் அதுதான்.

கரக்பூர் ஐ.ஐ.டி.யின் சுஜாய் குஹா என்ற பொறியாளர் எழுபதுகளிலிருந்து இன்னொரு வழியில் போய்க்கொண்டிருக்கிறார். ஹார்மோன் இல்லை, வெட்டில்லை. விந்துக்குழாயில் ஒரு பாலிமரை ஊசியால் செலுத்தினால் கடந்து போகும் விந்தணு செயலிழக்கும். தேவைப்பட்டால் கரைத்து எடுத்துவிடலாம் என்பது அவர் கருத்து. பெயர் ரிசுக். 303 ஆண்களிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவுகள் 2023இல் வெளியாயின. 99 சதவீதம் வெற்றி, கவலைக்குரிய பக்க விளைவு இல்லை என்றது அறிக்கை. குஹா தொடங்கியபோது நான் பிறக்கவில்லை. மருந்துக்கடைக்கு அது இன்னும் வரவில்லை.

இருக்கிறவற்றில் ஆகக் குறைந்த பக்க விளைவு உள்ள நிரந்தர முறை, தழும்பில்லா வாசக்டமி. கத்தி இல்லை, தையல் இல்லை, பதினைந்து நிமிடம், அன்றைக்கே வீடு. அரசு ஊக்கத்தொகைகூட 2007 முதல் ஆணுக்கு 1,100 ரூபாய், பெண்ணுக்கு 600. வருடா வருடம் நவம்பர் 21இலிருந்து இரண்டு வாரம் வாசக்டமி இருவார விழா நடக்கும், சுகாதார நிலையச் சுவரில் பேனர் கட்டுவார்கள். போன நவம்பரில் எங்கள் பக்கத்துக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டேன். "ஒருத்தர் விசாரிச்சாரு மேடம்" என்றார். "அவங்க அம்மா வந்து, எம்புள்ள வேலைக்குப் போறவன், வேணும்னா மருமவளுக்குப் பண்ணுங்கன்னு கூட்டிட்டுப் போயிட்டாங்க."